கழுவிக் கொண்டுவந்த பாட்டில்

மருந்து வாங்க வருகிறவர்கள் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவர வேண்டும் என்று முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நல்லெண்ணெய் இருந்த பாட்டில் வரும், சாராயம் இருந்த பாட்டில் வரும், ஒரு தடவை மண்ணெண்ணெய் பாட்டிலே வந்தது. மூடிக்குப் பதிலாகத் துணியைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். நான்தான் வெந்நீர் வைத்துக் கழுவி, பிறகு மருந்தை ஊற்றிக் கொடுப்பேன். இந்தப் பாகூர் கொம்யூன் ஊர்களில் பாட்டிலைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, தக்கை மூடியோடு கொண்டுவந்த ஒரே ஆள் சொல்தா தணிகைவேல்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம்.

ஐயா, நீங்கள் அவர் சாவைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். மூன்று நாளாக வந்து பொறுமையாகக் கேட்டீர்கள். மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தீர்கள். மேல் தட்டில் துரைமார் காலத்துப் பாட்டில்கள், பிரெஞ்சில் பெயர் எழுதியவை. கீழ்த் தட்டில் மதராசிலிருந்து வந்தவை, இங்கிலீஷில் எழுதியவை. பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பெயர்ச்சீட்டுக் குழப்பத்தால் நேர்ந்த பிழை, கம்பவுண்டர் வயதானவர், உள்நோக்கம் இல்லை" என்று எழுதி என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வேறொருவனாக இருந்தால் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பான்.

எனக்கு அந்தப் 'பிழை' என்ற சொல் உறுத்துகிறது. கொஞ்ச நேரம் உட்காருங்கள். காபி கொண்டுவரச் சொன்னேன், ஆறுவதற்குள் குடியுங்கள்.

எந்த மருந்துக்கும் இரண்டு வேலை உண்டு. நாம் கேட்ட வேலை ஒன்று, கேட்காத வேலை ஒன்று. இந்த டிஸ்பென்சரியில் நான் சேர்ந்த அன்றைக்கே பிரெஞ்சுத் துரை டாக்டர் இதைச் சொல்லிக் கொடுத்தார். ஆஸ்பிரின் கொடுத்தால் காய்ச்சலும் உடம்புவலியும் போகும். வெறும் வயிற்றில் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் விழுந்து ரத்தம் கசியும். களையெடுக்கிற பெண்கள் இடுப்புவலி என்று வந்து நிற்பார்கள்; கஞ்சி குடித்தாயா என்று கேட்காமல் நான் ஒருத்திக்கும் கொடுத்ததில்லை. கொய்னா மாத்திரை குளிர்காய்ச்சலை நிறுத்தும், காதுக்குள் வண்டு இரைய வைக்கும். சல்பா மாத்திரை சீழை வற்றவைக்கும், ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரை அடைத்துவிடும். புரோமைடு கலவை தூங்க வைக்கும், வலிப்பை அடக்கும். மாதக்கணக்கில் கொடுத்தால் நாக்குக் குழறி, பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோகும். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஊசி போட்டுக்கொண்டவரைக் கால்மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் அனுப்புவேன். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்தான். ஆனால் டாக்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார். மருந்து போன பிறகு அந்த உடம்பு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவன் கம்பவுண்டர்.

துரை டாக்டர் ஐம்பத்துநாலில் கப்பலேறினார். போகிற அன்று கை குலுக்கி, அலமாரிச் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு டவுனிலிருந்து ஜீப்பில் ஒரு சின்ன வயது டாக்டர் திங்களும் வியாழனும் வருகிறார். கெட்டிக்காரர். "ஸ்டாக் இருக்கா?" என்று கேட்பார், "இருக்கு சார்" என்பேன். வாரம் முழுவதற்கும் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். வீட்டிலும் யாரும் இல்லை. என் மனைவி கஸ்தூரி கல்யாணமான இரண்டாம் வருஷம் வில்லியனூருக்குத் தாய்வீடு போனவள் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்குப் பேச வராது, ஐயா. இத்தனை பேசுவது இன்றைக்குத்தான்.

ஒரு நாளைக்கு அறுபது பேர் என் எதிரில் வந்து நாக்கை நீட்டுவார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டதில்லை. தணிகைவேல் வந்த முதல் நாளே கேட்டார். "இன்னா கம்பவுண்டரே, மணி ஒண்ணாவுது, சாப்ட்டாச்சா?" என்றார். நான் மருந்துக் குழவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஐம்பத்தேழாம் வருஷம், சித்திரை மாதம்.

அவர் பனித்திட்டுக் கிராமத்து மீனவக் குடும்பம். இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்விட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மனைவி இல்லை. ஒரே மகன் முத்துசாமி பிரான்சில் துறைமுக வேலையில் இருந்தான். அண்ணன் மகள் மாரியம்மாள் மீன் விற்றுப் பிழைப்பவள், அவள்தான் இவருக்குச் சோறு போட்டாள். அவர் பேசிய பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சு, பாதிக்கு மேல் வசவு. ஆனாலும் துரை டாக்டருக்குப் பிறகு அந்த மொழியில் என்னோடு பேசிய ஆள் அவர்தான். பட்டாளத்திலிருந்து ஆறு இரும்புக் குண்டுகள் கொண்டுவந்திருந்தார். பெத்தாங்க் என்று ஒரு விளையாட்டு. சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூர எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் விழுகிற மாதிரி ஆளுக்கு மூன்று குண்டுகளை வீச வேண்டும். டிஸ்பென்சரிக்குப் பின்னால் மணல் இருக்கிறதே, அங்கேதான் விளையாடுவோம். செவ்வாயும் வெள்ளியும், மதியம் கூட்டம் கலைந்த பிறகு. நான் ஐம்பது வயதில்தான் விளையாடக் கற்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குக் கால் வீங்கியது, நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு டிஜிட்டாலிஸ் டிங்சர் எழுதினார். இலையிலிருந்து எடுக்கிற மருந்து, தளர்ந்த இதயத்தைத் தட்டி நிமிர்த்தும். பத்தே நாளில் வீக்கம் வடிந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கேட்ட வேலை அது. கேட்காத வேலையும் சொல்லிவிடுகிறேன். அளவு கொஞ்சம் கூடினால் பசி செத்துப்போகும், குமட்டும். நாடி மெதுவாகி இடையிடையே தவறும். இன்னும் கூடினால் பார்க்கிற பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரியும். இன்று குடித்தது இன்றே உடம்பை விட்டுப் போகாது. நேற்றையதன் மேல் இன்றையது போய்ச் சேரும். அதனால் அந்தப் பாட்டிலை மட்டும் தனிக் கவனத்தோடு தயார் செய்வேன். காகிதத்தை மடித்துப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் விலாவில் ஒட்டுவேன். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் ஒரு வேளை மருந்து; அதை ஒரு கோடு என்போம். படிக்காதவர்களும் அதைப் பார்த்துச் சரியாகக் குடிக்கலாம். தணிகைவேல் படித்தவர், பட்டாளத்துக்காரர். சொன்ன அளவை மீறவே மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

போன ஆகஸ்டில் பிரெஞ்சு இந்தியா என்பது காகிதத்திலும் முடிந்துபோனதல்லவா? பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தணிகைவேல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். மணலில்தான் நின்றிருந்தோம்.

"பையன் கூப்புட்றான் கம்பவுண்டரே. பொங்கல் கழிச்சி பம்பாய்ல கப்பல். போயிடலாம்னு கீறேன். இங்க இன்னா கீது எனக்கு?"

இங்கே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது, நான் மூன்றடி தள்ளி, கையில் ஒரு குண்டோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். அதை அவர் யோசிக்கவில்லை. யோசித்தபிறகு, நல்ல மனிதர், உடனே சொன்னார்.

"நீங்களும் எழுதிக் குடுங்க. சேந்தே போலாம். பையன் வூட்ல எடம் கீது."

வரவில்லை என்றேன். இங்கே இரண்டு மொழியிலும் பெயர்ச்சீட்டுப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அங்கே படிக்கத் தெரியாதவன் யார்? இதை அவரிடம் சொல்லவில்லை. டிஸ்பென்சரியை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் குண்டை வீசினார். அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார்.

கப்பலேற உடம்பு தேறியிருக்கிறது என்று டவுனில் ஒரு டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு பாட்டிலில் நான் டிங்சரைக் கொஞ்சம் கூட்டினேன். புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை, ஐயா. அவருக்கு டாக்டர் எழுதிய அதே மருந்துதான். டவுன் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போது முடியாது, ஒரு மாதம் போகட்டும் என்று திருப்பி அனுப்பினார். தணிகைவேல் நேராக என்னிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "சொல்தாவுக்கு நாடி தப்புதுன்னுட்டான் கம்பவுண்டரே" என்றார். அன்றைக்கு விளையாடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். அளவைப் பழையபடி குறைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் தேறிவிட்டார். ஒருவர் தேறி வருவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அடுத்து நவம்பர். இந்தத் தடவை முன்கூட்டியே ஆரம்பித்தேன். மாரியம்மாள் மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"கம்பவுண்டரய்யா, எங்க சித்தப்பா சோறே எறங்க மாட்டேன்றாரு. மீன் கொழம்பு வாடைக்கே ஓங்கரிக்கிறாரு. கடல்ல பொறந்த மனுசன். எனக்கு பயமா கீது."

பயப்படாதே, அடைமழையாக இருக்கிறது, நீயும் சந்தைக்குப் போய்விடுகிறாய், அவரை இங்கே பின்னறையில் கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். இருபத்துமூன்று நாள் அவர் என்னோடு இருந்தார். ஜீப்பில் வருகிற டாக்டர் பின்னறையை எட்டிப் பார்த்ததே இல்லை. காலையில் நொய்க் கஞ்சி நானே வைத்து, ஆற்றி, கரண்டியால் கொடுப்பேன். மழை விட்ட நேரத்தில் மணலுக்குப் போவோம். குனிய முடியாது அவருக்கு. அவர் வீசுகிற குண்டையும் நானே பொறுக்கிக் கொண்டுவந்து கையில் கொடுப்பேன். சைகோன் கதையெல்லாம் சொன்னார். தினமும் இரண்டு தட்டு கழுவி வைத்தேன். என் ஆயுளில் அந்த இருபத்துமூன்று நாள்தான் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று சொன்னால் உங்களுக்குக் கசப்பாக இருக்கும். இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒருநாள் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா கம்பவுண்டரே, வெள்ள சட்டைய மஞ்சத் தண்ணீல முக்கிட்டீங்களா?" என்றார். நாடியைப் பார்த்தேன். நாற்பத்தாறு. பித்தம் ஏறினால் அப்படித்தான் தெரியும், டவுன் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், காமாலை என்று எழுதிக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள் என்றேன். மஞ்சள் என்ற அந்தச் சொல் டாக்டர் காதில் விழுந்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். தணிகைவேல் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்கிற பழக்கம் அவருக்கு. மறுபடியும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

டிசம்பர் தொடக்கத்தில் வீட்டுக்குப் போனார். கடைசி நாள் குறித்தாகிவிட்டது, இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் பொங்கல் கப்பல் இல்லை. அவர் போனதும் ஒரு வாரம் அளவைக் குறைத்தேன், பிறகு நவம்பரில் போட்ட அளவையே மறுபடியும் போட்டேன். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வரும்போதெல்லாம் நாடி அறுபத்தெட்டு, எழுபது. முகம் தெளிந்திருந்தது. நெத்திலி வறுவல் சாப்பிட்டேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கை தவறியிருக்காது. அவரும் வேளை தவறுகிறவர் இல்லை. அப்படியானால் மதராஸ் டிங்சர்தான் நாள்பட்டு வீரியம் குறைந்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

மேல் தட்டில் துரை டாக்டர் வைத்துவிட்டுப் போன ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. அதே இலையிலிருந்து எடுத்த சத்து, ஆனால் டிங்சரைவிடப் பல மடங்கு உக்கிரம். நீங்கள் கண்டெடுத்தது அந்தப் பாட்டில்தான். பெயர்ச்சீட்டு புரியாமல் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை அதைத் திறந்தேன். காகிதத்தில் கணக்குப் போட்டேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். கோட்டுக்குக் கோடு குடித்தால் குமட்டும், நாடி ஐம்பதுக்குக் கீழே போகும், வெள்ளிக்கிழமை டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. கணக்கில் பிழை இல்லை, ஐயா. அந்தக் காகிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காரியம் முடிந்த பிறகு மாரியம்மாள் அவருடைய தகரப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டினாள். கம்பளிக் கோட்டுக்குள் சுற்றி மூன்று பாட்டில்கள். கழுவிக் காயவைத்துத் தக்கையிட்டவை. மூன்றிலும் என் மருந்து. பக்கத்தில் அவரே கத்தரிக்கோலால் என்னைப் போலவே பல் பல்லாக வெட்டி ஒட்டிய சீட்டு.

"நெதம் ஒரு வேளைய குடிக்காம மிச்சம் புடிச்சி வெச்சாரு கம்பவுண்டரய்யா. அந்த ஊர்ல நம்ம கம்பவுண்டர் மாதிரி எவன் கலக்கிக் குடுப்பான், கப்பல்ல போவ சொல்லோ வேணும்னாரு. டாக்டராண்ட போறதுக்கு முன்ன தெம்பு வேணும்னுட்டு செவ்வாக்கெழம வாங்கியாந்தத ரெண்டு ரெண்டு கோடா குடிச்சாரு."

அதுதான் நடந்தது. டிங்சர் கெட்டுப்போகவில்லை. அவர் குறைத்துக் குடித்ததால்தான் தேறியிருந்தார், கூட்டிக் குடித்ததால் போனார். சொல்லிவிட்டு அவள் அழுதாள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்காது என்று என் காலைத் தொட்டாள். பெட்டியில் மூன்று இரும்புக் குண்டுகள்தான் இருந்தன. மற்ற மூன்றையும் மரக்குண்டையும் ஒரு துண்டில் முடிந்து, எனக்கென்று தனியாக வைத்திருந்தார். தனி ஆளாக அந்த விளையாட்டை விளையாட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இது வரை சொன்னதையே நீங்கள் பிழை என்று எழுத இடம் இருக்கிறது. அதனால் புதன்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை, மாரியம்மாளும் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. புதன் காலை பத்து மணிக்கு அவள் ஓடி வந்தாள். இரவெல்லாம் வாந்தி, எழுந்தால் மயக்கம், எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார் என்றாள். நான் அவளோடு போய்ப் பார்த்தேன். பாயில் படுத்திருந்தார். நாடி முப்பத்தெட்டு, அதிலும் இடையிடையே விட்டுப்போய் வந்தது. பாட்டிலைப் பார்த்தேன், சீட்டில் இருக்க வேண்டிய கோட்டுக்கு மிகவும் கீழே மருந்து இறங்கியிருந்தது. ஏன் என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தது.

"வாடக காரு சொல்லி டவுனுக்கு இட்டுனு போவட்டுமா?" என்று மாரியம்மாள் கேட்டாள். தெருமுனையில் பச்சையப்பன் கார் நின்றுகொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் போயிருக்கலாம். மருந்தை நிறுத்தி, படுக்க வைத்துக் கவனித்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால், எதனால் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அப்புறம் தணிகைவேல் என் மருந்தைக் குடிக்க மாட்டார். தேறியதும் போய்விடுவார்.

வேண்டாம் என்றேன். உடம்பு அலுங்கக் கூடாது, வாந்தியெல்லாம் பித்தம் வெளியே போகிற அறிகுறி, மருந்தை மட்டும் நிறுத்தாதே என்றேன். அவரும் படுத்தபடியே கையைத் தூக்கி, "கம்பவுண்டர் சொல்றத கேளுடி" என்றார். என் கையாலேயே ஒரு வேளை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். மறுநாள் மதியம் போய்விட்டார்.

நீங்கள் காபியைத் தொடவே இல்லை. பரவாயில்லை.

பிழை என்ற அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதுங்கள். ஆதிமூலம், கம்பவுண்டர், எந்தப் பாட்டில் என்று தெரிந்து எடுத்தான், எவ்வளவு என்று தெரிந்து ஊற்றினான், புதன்கிழமை தெரிந்தே தடுத்தான். நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அளவை மீறியது நான் அல்ல. கோட்டுக்குக் கோடு, நான் சொன்னபடி அவர் குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இந்நேரம் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.